ஒளிவிழா அழைப்பிதழில் குருமாரின் பெயரை எழுதும் முறை

மார்கழி நெருங்கியதும் கொழும்பில் பாடசாலைகளும் அலுவலகங்களும் ஒளிவிழா எனும் கிறிஸ்து பிறப்புக்கால விழாவுக்கு ஆயத்தமாகின்றன. பல சபைகளின் குருமாரை ஒரே மேடைக்கு அழைக்கும்போது, பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்பது அழைப்பிதழ் எழுதுபவருக்குப் பெருந்தொல்லையாகிவிடுகிறது. ஒரே சொல் சபைக்குச் சபை வேறு பதவியைக் குறிப்பதால், அழைக்கப்படுபவர் எச்சபையினர் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதிகம் இடறவைக்கும் சொல் 'பேராயர்' என்பதாகும். கத்தோலிக்கரிடம் மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். பேராயர் அதற்கு மேற்பட்ட பதவி. இலங்கையில் பேராயரைத் தலைவராகக் கொண்ட உயர் மறைமாவட்டம் கொழும்பு ஒன்றே. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையினரோ மறைமாவட்டத் தலைவரையே பேராயர் என்பார்கள். ஆகவே ஆங்கிலத்தில் 'பிஷப்' என்று இருப்பதை எல்லாருக்கும் ஒரே சொல்லால் தமிழாக்கினால், ஒருவருக்கு இல்லாத பதவியுயர்வு கிடைக்கும், அல்லது இன்னொருவரின் பதவி குறைந்துபோகும். கொழும்பு, குருநாகல் என இரு மறைமாவட்டங்களைக் கொண்ட அங்கிலிக்கன் திருச்சபையைப் பொறுத்தவரையிலும், அவர்களுடைய கடிதத் தலைப்பில் உள்ள சொல்லை அப்படியே எடுத்தாள்வதுதான் பாதுகாப்பானது.

'ஆண்டகை' என்பதைக் கத்தோலிக்க ஆயர், பேராயர், கர்தினால் ஆகியோருக்கே எழுதுக. 'கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை' என்பதே வழக்கு. ஆங்கிலத்தில் சிலவேளை செய்வதுபோலப் பதவியைப் பெயருக்கு நடுவில் செருக வேண்டாம்.

கத்தோலிக்கக் குருவுக்கு 'அருட்தந்தை' அல்லது 'அருட்பணி' பொருந்தும். இலக்கணப்படி 'அருட்டந்தை' என்றுதான் புணர வேண்டும் என்று வாதாடும் தமிழாசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் அப்படி அச்சிட்டால் எழுத்துப் பிழை என்றே வாசிப்பவர்கள் நினைப்பார்கள். பெயருக்குப் பின்னால் 'அடிகளார்' சேர்ப்பதும் நல்ல மரபு. தனிநாயகம் அடிகளாரை நாம் அப்படித்தான் நினைவுகூர்கிறோம். அமலமரித் தியாகிகள் சபையினரின் பெயருக்குப் பின் வரும் 'அ.ம.தி.' பட்டப்படிப்பைக் குறிப்பதன்று, அதை விட்டுவிடலாகாது. துறவறப் பெண்களுக்கு 'அருட்சகோதரி' என்று எழுதுக.

'வணக்கத்துக்குரிய' என்பது அங்கிலிக்கன், மெதடிஸ்த குருமாருக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, ஏற்றது. ஆனால் கொழும்பில் அதே 'வண.' பௌத்த பிக்குமாருக்கும் வழங்குகிறது. விழாவுக்குத் தேரர் ஒருவரும் வருகிறாரென்றால், ஒவ்வொருவருக்கும் பதவியையும் ஆலயத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் வாசிப்பவர் குழம்புவார்.

சில ஆண்டுகளுக்கு முன் கணினியிலிருந்த முகவரிப் பட்டியலை அப்படியே பயன்படுத்தி, எல்லா உறைகளிலும் 'திரு. திருமதி' என்று அச்சிட்டு அனுப்பிவிட்டேன். கத்தோலிக்கக் குரு ஒருவர் அந்த உறையைக் கையோடு கொண்டுவந்து, வாசலிலேயே சிரித்தபடி என்னிடம் நீட்டினார். மறுபக்கமாக, அங்கிலிக்கன், மெதடிஸ்த குருமார் மணமுடித்தவர்களாக இருக்கலாம். அவர்களைத் தனியே அழைத்தால் துணைவரை மறந்ததாகிவிடும். இரட்சணிய சேனையில் தம்பதியர் இருவருமே அதிகாரிகளாதலால், மனைவியின் பெயருக்கு முன்னும் 'கப்டன்' அல்லது 'மேஜர்' என்று அவருக்குரிய பதவியைப் போட வேண்டும், 'திருமதி' அன்று.

நேரில் பேசும்போது இவ்வளவு சிக்கலில்லை. கத்தோலிக்கரிடம் 'பாதர்', 'சிஸ்டர்' என்பதும், பெந்தெகொஸ்தே சபைகளில் 'பாஸ்டர்' என்பதும், மெதடிஸ்த ஆலயங்களில் 'போதகர் ஐயா' என்பதும் போதும். அங்கிலிக்கன் குருமாரையும் பலர் 'பாதர்' என்பார்கள். 'பாதிரியார்' என்பது போர்த்துக்கேயர் வழி வந்த பழைய சொல்; ஒருவரைப் பற்றிப் பேசும்போது வருமேயன்றி, அவரை விளிப்பதற்கு உதவாது.

அச்சுப்படி வந்தவுடன் பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, முழு வரியையும் வாசித்துக்காட்டுங்கள். அவர்கள் திருத்தித் தந்த அதே எழுத்துக்கூட்டலை மேடைப் பெயர்ப்பலகைக்கும் அறிவிப்பாளரின் தாளுக்கும் கொடுத்துவிடுங்கள்.