டஜனுக்குப் பின்னால் 'ஆஃப்' எப்போது வரும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்னஞ்சலில் 'டூ டஜன்ஸ் ஆஃப் ஃபைல்ஸ்' என்று எழுதினேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "டஜன்ஸும் வேண்டாம், ஆஃபும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. காரணம் தமிழிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரிய ரொம்ப நாள் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

படி 1: எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

டஜன் என்றால் 12. பன்னிரண்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரை டஜன் 6. பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ், அதாவது 144. பன்னிரண்டை 2, 3, 4, 6 நான்காலும் மீதியில்லாமல் வகுக்கலாம். பத்தை 2, 5 இரண்டால்தான் வகுக்க முடியும். பெட்டியில் அடுக்கவும் பங்கு பிரிக்கவும் பன்னிரண்டு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் நடுவே வருவது 'ஜ' இல்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று இழுங்கள். அப்புறம் அதே ஓசையைத் தேனீ ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிரும்படி சொல்லுங்கள். அந்த ஓசைதான் வேண்டும். அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால்தான் 'ஜ' போட்டுச் சமாளிக்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

படி 2: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. தமிழில் 'இரண்டு டஜன் பென்சில்' என்கிறோம். 'இரண்டு டஜன்கள்' என்பதில்லை, டஜனுக்கும் பென்சிலுக்கும் நடுவில் எதையும் செருகுவதும் இல்லை. ஆங்கிலமும் அப்படித்தான்: 'எ டஜன் பென்சில்ஸ்', 'டூ டஜன் பென்சில்ஸ்'. முன்னால் 'சில' வந்தாலும் இதே கதைதான்: 'எ ஃப்யூ டஜன் பென்சில்ஸ்'.

அளவு சரியாகத் தெரியாமல் ஏராளம் என்று சொல்லும்போது தமிழில் என்ன செய்கிறோம்? 'டஜன் கணக்கில்' என்கிறோம். இந்தக் 'கணக்கில்' வருகிற இடத்தில்தான் ஆங்கிலத்தில் 'ஸ்', 'ஆஃப்' இரண்டும் சேர்ந்து வரும்: 'டஜன்ஸ் ஆஃப் பென்சில்ஸ்'. இந்த இடத்தில் ஒன்றை விட்டு ஒன்று வராது.

நூறு, ஆயிரத்துக்கும் இதே கணக்கு செல்லும். இருநூறு புத்தகம் என்றால் 'டூ ஹண்ட்ரட் புக்ஸ்'. நூற்றுக்கணக்கான புத்தகங்கள் என்றால் 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் புக்ஸ்'.

படி 3: 'இல்' வருகிறதா என்று பாருங்கள்

'இந்தப் பென்சில்களில் ஒரு டஜன் எடுத்துக்கொள்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட குவியலிலிருந்து பிரித்தெடுக்கிறோம், அதனால் 'களில்' வருகிறது. ஆங்கிலத்திலும் இங்கே 'ஆஃப்' வரும், ஆனால் 'ஸ்' வராது: 'எ டஜன் ஆஃப் தீஸ் பென்சில்ஸ்'. 'அவற்றில் ஒரு டஜன்' என்றால் 'எ டஜன் ஆஃப் தெம்'.

படி 4: தமிழ் கைவிடும் இடங்கள்

இரண்டு இடங்கள் உண்டு. தமிழில் 'ஒரு டஜன் பென்சில்' என்று ஒருமையிலேயே விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் பொருளின் பெயர் பன்மையாக வேண்டும். அடுத்தது 'அரை டஜன்'. தமிழில் அதற்கு 'ஒரு' தேவையில்லை, ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'எ' நுழைந்துகொள்ளும்: 'ஹாஃப் எ டஜன்'. இதை மனப்பாடம் செய்வதுதான் வழி.

படி 5: எண்ணிப் பார்க்கக் கூடாத டஜன்கள்

'ஹாஃப் எ டஜன் டைம்ஸ் சொன்னேன்' என்று யாராவது சலித்துக்கொண்டால் ஆறு தடவையா என்று எண்ணாதீர்கள். ஐந்தோ ஏழோ இருக்கலாம். 'பேக்கர்ஸ் டஜன்' என்றால் 13. இடைக்கால இங்கிலாந்தில் ரொட்டியின் எடை குறைந்தால் தண்டனை உண்டு. அதற்குப் பயந்து ரொட்டிக்காரர்கள் ஒன்று கூடுதலாகப் போட்டார்கள் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள்.

'எ டைம் எ டஜன்' அமெரிக்க வழக்கு. இந்த டைம் (dime) நேரத்தைக் குறிக்கும் டைம் இல்லை, அங்கே பத்து சென்ட் நாணயம். பத்து சென்ட்டுக்கு ஒரு டஜன் கிடைப்பதென்றால் மலிந்து கிடக்கிறது, மதிப்பில்லை என்று பொருள். 'சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்' என்றால் இரண்டும் ஒன்றுதான், எதை எடுத்தாலும் வித்தியாசமில்லை. இதை 'ஒரே குட்டையில் ஊறிய மட்டை' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நம் மட்டையில் ஒரு இளக்காரம் ஊறியிருக்கிறது, ஆங்கிலத்தில் அது இருந்தாக வேண்டும் என்பதில்லை.

படி 6: நீங்களே செய்யுங்கள்

இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: மூன்று டஜன் பொத்தான், டஜன் கணக்கில் கடிதங்கள், என் நண்பர்களில் ஒரு டஜன் பேர்.

விடை: 'த்ரீ டஜன் பட்டன்ஸ்', 'டஜன்ஸ் ஆஃப் லெட்டர்ஸ்', 'எ டஜன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. மூன்றாவதில் 'பேர்' என்பதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் தேடியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், அங்கே அது வேண்டாம்.