ரோமா மக்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியச் செய்தியில் 'ஜிப்சி' என்று வந்தால் தமிழில் 'நாடோடி' என்று எழுதிவிடுவது பரவலான பழக்கம். அந்த ஒரு சொல்லில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ருமேனியா, பல்கேரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நாடுகளில் வாழும், 'ஜிப்சி' எனப்படும் ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் தலைமுறைகளாக ஒரே ஊரில் குடியிருப்பவர்கள். ஆகவே 'நாடோடி' என்பது முதலில் தகவல் பிழை. அதோடு, 'இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் அல்ல' என்ற பொருளையும் அது கூட்டிக்கொண்டு வருகிறது. அவர்கள் குடியிருப்புகளை இடிக்க வருபவர்கள் சொல்வதும் அதைத்தான்.

1971 ஏப்ரல் 8 அன்று லண்டன் அருகே தொடங்கிய முதல் உலக ரோமானி மாநாடு, பிறர் இட்ட பெயர்களை மறுத்து 'ரோமா' என்ற பெயரை ஏற்றது. தமிழில் மக்களை 'ரோமா' என்றும் மொழியை 'ரோமானி' என்றும் எழுதுங்கள். 'ரோமர்' வேண்டாம்; வாசகர் சீசர் காலத்து ரோமாபுரியை நினைப்பார். ருமேனியர் என்பதும் வேறு.

'ஜிப்சி'க்கு நிகரான ஜெர்மன் சொல்லான 'சிகொய்னர்' (Zigeuner) விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நாஜிகளின் பதிவேடுகளில் இருந்த சொல் அதுதான். ஆஷ்விட்ஸ் முகாமில் இம்மக்களின் கையில் பச்சை குத்திய எண்ணுக்கு முன்னால் அதன் முதலெழுத்தையே போட்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, இம்மக்களில் அந்த முகாமில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 4,300 பேர் விஷவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். இது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி அரசு ஒப்புக்கொண்டது 1982இல்தான். இன்று அங்கே 'சிந்தி, ரோமா' என்று இரு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். சிந்திகள் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மன் மண்ணில் வாழ்பவர்கள். அவர்களை 'ரோமா' என்பதற்குள் அடக்குவது தவறு. (பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தாரோடு குழப்பம் வராமல் முதல் முறை எழுதும்போதே தெளிவுபடுத்திவிடுங்கள்.)

நாஜி ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது பழைய சொல்லை மாற்றாதீர்கள். மாற்றினால் குற்றத்தின் தடயமே அழிந்துவிடும். மேற்கோள் குறிக்குள் மூலச்சொல்லை வைத்து, உங்கள் சொந்த வாக்கியத்தில் 'சிந்தி, ரோமா' என்று எழுதுங்கள். சமையல் குறிப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது. 'சிகொய்னர் சாஸ்' என்ற பெயரில் விற்றுவந்த குடைமிளகாய் சாஸுக்கு க்னார் நிறுவனம் 2020இல் பெயரை மாற்றியது. 'ஜிப்சி சாஸ்' என்பதற்குப் பதில் 'ஹங்கேரி பாணி குடைமிளகாய் சாஸ்' என்றால் சுவையும் புரியும்.

அதற்காக எல்லா இடத்திலும் 'ஜிப்சி'யை அடித்து 'ரோமா' என்று திருத்துவதும் சரியல்ல. பிரிட்டனில் பலர் தங்களை ஜிப்சி என்றே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 'ஜிப்சி அல்லது அயர்லாந்து டிராவலர்' ஒரு கட்டம், 'ரோமா' தனிக் கட்டம். ஸ்பெயினின் 'கிதானோ'வும் அப்படித்தான்: அந்த மக்களே ஏற்றுக்கொண்ட பெயர்.

அயர்லாந்து டிராவலர்கள் ரோமா அல்ல. அயர்லாந்திலேயே தோன்றிய சமூகம். 2017 மார்ச்சில் அந்நாட்டு அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தது. 'டிராவலர்' இங்கே இனப்பெயர். அதைப் 'பயணி' என்று பெயர்த்தால் 'பயணிகள் வெளியேற்றம்' என்ற தலைப்பைப் படிப்பவர் ரயில் நிலையத்தைத்தான் நினைப்பார்.

ஆங்கிலப் பட வசனத்துக்குத் தமிழில் துணைவரி எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'பைக்கி' என்பது டிராவலர்களையும் ஜிப்சிகளையும் இழிவுபடுத்தும் கடுமையான ஆங்கில வசை. அதை 'நாடோடி' என்று மழுப்பினால் பாத்திரத்தின் வெறுப்பு மறைந்துவிடும். 'குறவன்' என்று போட்டால் இங்குள்ள ஒரு சமூகத்தின் பெயரை நாமே வசையாக்குகிறோம். எந்தச் சாதியையும் குறிக்காத வசைச்சொல்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 'பைக்கி'யையே வைத்துவிடுங்கள்.

குற்றச் செய்திகளில் நடப்பதுதான் மிக மோசம். 2013 அக்டோபரில் கிரீஸில் ஒரு ரோமா குடும்பத்தில் பொன்னிறத் தலைமுடியுடன் ஒரு சிறுமி இருந்ததைக் கண்ட போலீஸ், கடத்தல் என்று சந்தேகித்தது. 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற பழைய பழி உலகப் பத்திரிகைகளில் மீண்டும் ஏறியது. மரபணுச் சோதனையில் அவளைப் பெற்றவர்கள் பல்கேரிய ரோமா தம்பதி என்று தெரிந்தது. அதே மாதம் அயர்லாந்தில் இரண்டு ரோமா குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து போலீஸ் பிரித்து எடுத்துச் சென்றது. இரண்டும் அவர்கள் பெற்ற பிள்ளைகளே என்று உறுதியானபின் திருப்பிக் கொடுத்தார்கள். கைதானவரின் இனத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பு இல்லையென்றால் இனப்பெயர் செய்தியில் வரவே கூடாது. 'என்று கூறப்படுகிறது' சேர்த்தாலும் பழி குறையாது.

ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். ரோமானி இந்தோ-ஆரிய மொழி. இதை வைத்து 'ஐரோப்பாவின் நரிக்குறவர்கள்' என்று எழுதுவதையும், நரிக்குறவர்களை 'தமிழ்நாட்டு ஜிப்சிகள்' என்பதையும் பார்க்கிறோம். இரு சமூகத்தாரின் மொழியும் இந்தோ-ஆரியக் குடும்பம் என்பதால் இருவரும் ஒரே மக்கள் ஆகிவிட மாட்டார்கள். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவர்கள் தங்களை 'வாக்ரி' என்கிறார்கள், மொழியை 'வாக்ரிபோலி' என்கிறார்கள். 'ஜிப்சி பாஷை' என்று எழுத எந்த அவசியமும் இல்லை.