குளத்துத் தண்ணியப் பாத்து ஏக்கர் போடுங்கோ: புது வருச இலக்கு சித்திரைக்கு அங்காலயும் நிக்க

ஜனவரி முதலாம் திகதி கொப்பியில எழுதுற இலக்கு தைப்பொங்கல் பானை கழுவி வைக்க முதலே மறந்து போறது கன வீடுகளில நடக்கிற விசயம், எனக்கும் வருசக்கணக்கா அப்பிடித்தான் போனது. இப்ப ஒரு மூண்டு வருசமாத்தான் எழுதினது நிக்குது. என்ன மாத்தினன் எண்டதைச் சொல்லுறன், யாருக்காவது உதவும்.

எங்கட வயல் இரணைமடுக் குளத்துத் தண்ணியிலதான். சிறுபோகம் எண்ட கோடை நெல்லுக்கு முதல் கிளிநொச்சியில பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பினம், நீர்ப்பாசனக்காரர் குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு சொல்லுவினம், அதைப் பாத்துத்தான் இந்தமுறை எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு முடிவாகும். ஆசைக்கு ஏக்கர் போட்டா கதிர் வாற நேரம் வாய்க்கால் காஞ்சு கிடக்கும், இது இஞ்ச சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா எங்கட சொந்த இலக்குக்கு மட்டும் நாங்கள் தண்ணி பாக்கிறேல்ல.

2022 தையில நான் மாசம் ஐயாயிரம் சேமிக்கிறது எண்டு எழுதினன். கையில என்ன வருது, கடனுக்கு என்ன போகுது எண்டு ஒரு கணக்கும் பாக்கேல்ல, அந்த வருசம் சாமான் விலை ஏறின விதம் உங்களுக்கே தெரியும், மாசியிலயே விட்டிட்டன், விட்ட கவலையில மிச்சப் பத்து மாசமும் ஒரு சதம் சேக்கேல்ல.

அதால முதல் வேலை, மார்கழிக் கடைசிக் கிழமை ஒரு சின்னக் கொப்பி எடுங்கோ. ஏழு நாளும் காசு எங்க போகுது, நேரம் எங்க போகுது எண்டு மட்டும் எழுதுங்கோ, ஒண்டையும் திருத்த வெளிக்கிடாதேங்கோ. எனக்கு அப்பிடி எழுதிப் பாத்தா கிழமைக்கு 500 ரூபாதான் மிஞ்சக்கூடியது எண்டு தெரிஞ்சுது, அப்ப என்ர ஏக்கர் அவ்வளவுதான். சனிக்கிழமை முட்டைக் காசு கைக்கு வரும், அதைப் பேர்சுக்க வைக்க முதல் 500ஐ மடிச்சு அலுமாரிக்கு மேல இருக்கிற பழைய பிஸ்கட் ரின்னுக்க போடுவன், மூடி இறுக்கம், திறக்கக் கரண்டிக் காம்பு வேணும், அதாலயே இடையில எடுக்க மனம் வராது. தையில தொடங்கினா சித்திரை வருசத்துக்கிடையில 14 கிழமை, 7000 ரூபா.

ஏன் சித்திரை எண்டா, ஒரு வருசம் எண்டது மனசுக்குக் கனதூரம். மூண்டரை மாச நெல்லு மாதிரி இலக்கையும் ஒரு போகத்துக்கு வையுங்கோ. ஜனவரி 1 இல இருந்து ஏப்ரல் 14க்கு நூறு நாள் சொச்சம். எங்களுக்கு ரெண்டு புதுவருசம் வாறது நல்லதாப் போச்சு, ஒண்டில விதைச்சு மற்றதில வெட்டலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில 96 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, ஒரு பழக்கம் யோசிக்காமலே தானா வாறதுக்குச் சராசரி 66 நாள் எடுத்ததாம், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாளும் வரும் எண்ட மாதிரிக் கணக்கு. 66 எண்டு பாத்தா மார்ச் 7 வருது, அப்ப பொங்கலோட களைச்சுப்போய் "எனக்கு இது சரிவராது" எண்டு சொல்லுறது மகா அவசரம்.

எழுதேக்க "செய்ய மாட்டன்" எண்டு எழுதாதேங்கோ, "செய்வன்" எண்டு எழுதுங்கோ. சுவீடனில ஆயிரம் பேருக்கு மேல வைச்சுப் பாத்து 2020 இல வெளியிட்ட ஆய்வில, ஒண்டைச் செய்யிறன் எண்டு எடுத்தவையில 58.9 வீதம் ஆக்கள் வெற்றி எண்டு சொன்னவை, ஒண்டை விடுறன் எண்டவையில 47.1 வீதம்தான். பின்னேரம் பிஸ்கட் தின்ன மாட்டன் எண்டதை, பின்னேரத் தேத்தண்ணியோட ஒரு கை அவிச்ச கடலை சாப்பிடுவன் எண்டு மாத்துங்கோ.

ஓஎல், அதுதான் சாதாரணதரப் பரீட்சை, எடுக்கிற பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் சொல்லோணும். சுவரில "9 ஏ", அதாவது ஒன்பது பாடத்துக்கும் ஏ, எண்டு பெரிசா எழுதி ஒட்டுற பிள்ளையள் கனபேர், பாக்கப் பாசமா இருக்கும், ஆனா அந்தப் பேப்பர் இண்டைக்கு இரவு என்ன செய்யிறது எண்டு பிள்ளைக்குச் சொல்லாது. "விளக்கு வைச்ச உடன மேசையில இருந்து கணக்குப் பாஸ்ட் பேப்பரில 5 கேள்வி" எண்டு ஒட்டச் சொல்லுங்கோ. எப்ப, எங்க, எவ்வளவு, மூண்டும் அதில இருக்கு. ஏற்கனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்துக்குப் பின்னால கட்டிவிட்டா நினைவுபடுத்த ஆள் தேவையில்ல.

வன்னியில மழையையும் சேத்துத்தான் கணக்குப் போடோணும். 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடு வான்கதவு திறந்து விட்ட நாளில ஆர் நடைப்பயிற்சிக்குப் போறது? அப்பிடி நாளுக்கெண்டு குறைஞ்ச அளவு ஒண்டை முதலே எழுதி வையுங்கோ, அரை மணித்தியாலம் நடக்கிறவை விறாந்தையில ஐஞ்சு நிமிசம் நடந்தாக் காணும், அதுக்கும் கலண்டரில புள்ளடி போடலாம். ஒருநாள் ஒண்டுமே செய்யேலாமப் போனாலும் பரவாயில்ல, அந்த லண்டன் ஆய்விலயும் ஒருநாள் தவறினதால பழக்கம் குழம்பேல்ல எண்டுதான் கண்டவை. ஒரு தண்ணிமுறை தவறினா நெல்லு வாடும், பட்டுப்போகாது. ஆனா அடுத்த முறையும் விட்டிடாதேங்கோ, எனக்கு எல்லாம் கைநழுவினது ரெண்டாம் நாளிலதான்.

இலக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம். ஸ்டேட்டஸில போடவும் வேண்டாம், லைக் வந்த உடன செய்து முடிச்ச மாதிரி ஒரு திருப்தி எனக்கு வந்திடும், அதால நான் போடுறேல்ல. கூச்சப்படாமக் கேக்கக்கூடிய ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு மச்சாள், ஞாயிறு பூசை முடிஞ்சு வாற வழியில "ரின்னுக்க போட்டனியே" எண்டு கேப்பா, அந்த ஒரு கேள்விக்காகவே போட்ட கிழமையள் இருக்கு.

சித்திரை வருசத்தண்டு மருத்துநீர் வைச்சு முழுகி, கைவிசேசம் குடுக்க முதல் கொப்பியையும் ரின்னையும் எடுத்து வைச்சுப் பாருங்கோ. சரிவந்தா அடுத்த போகத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம், 500ஐ 600 ஆக்கலாம். சரிவராட்டி அளவைக் குறைச்சு அண்டைக்கே திரும்ப எழுதுங்கோ, அடுத்த ஜனவரி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.