குவாடலூப் ஆற்றில் முகாமும் படகும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸின் சான் அந்தோனியோவுக்கு வடக்கே உள்ள குவாடலூப் ஆற்று மாநிலப் பூங்காவுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தலைக்கு மேலே இருக்கும் வானத்தை மட்டும் பார்ப்பது. பூங்காவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கே ஹன்ட், கெர்வில், கம்ஃபர்ட் பக்கம் கொட்டிய மழை இங்கே வந்து சேரும். சுண்ணாம்புப் பாறை மேல் மண் மெல்லியதாக இருப்பதால், பெய்கிற தண்ணீர் ஊறாமல் ஓடிவிடுகிறது. 2025 ஜூலை 4 அதிகாலையில் கெர்வில் இருக்கும் கெர் கவுண்டியில் (மாவட்டம்) ஆறு சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே கிளம்புமுன் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் இரண்டு நீரோட்ட அளவுமானிகளைப் பாருங்கள். கம்ஃபர்ட்டில் இருப்பது பூங்காவுக்கு மேல்பக்கம், ஸ்பிரிங் பிராஞ்சில் இருப்பது கீழ்ப்பக்கம். அலகு, மேட்டூர் அணைச் செய்தியில் வரும் அதே ‘வினாடிக்கு இத்தனை கன அடி’தான். 100-க்குக் கீழே என்றால் பல இடங்களில் படகு தரை தட்டும், இறங்கி இழுக்க வேண்டியிருக்கும். எண்ணைவிட அது போகும் திசை முக்கியம்: கம்ஃபர்ட் அளவுமானியின் கோடு செங்குத்தாக ஏறினால் அன்று ஆற்றில் இறங்கவே கூடாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பொருளை எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறுங்கள். பள்ளத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. இரவு தங்கினால் வானிலை எச்சரிக்கை வானொலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது சைப்ரஸ் மரங்கள். கரையோரம் அழகாக நிற்கும் இவற்றின் வேரிலும் சாய்ந்த கிளையிலும் தண்ணீர் சல்லடைபோலப் புகுந்து போகும். படகும் ஆளும் சிக்கிக்கொள்வார்கள். வளைவில் நீரோட்டம் வெளிக்கரைப் பக்கம்தான் தள்ளும் என்பதால் உள்வளைவை ஒட்டித் துடுப்புப் போடுங்கள். பாறையில் படகு குறுக்காக மோதினால் பாறைப் பக்கமே சாயுங்கள். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பில் தண்ணீர் ஏறிக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்துவிட்டால், ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து, ஓட்டம் குறைந்ததும் கரைக்கு நீந்துங்கள். படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் சட்டப்படி இருக்க வேண்டும். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதை அணிந்தே இருக்க வேண்டும்.

எதிர்நீச்சல் போட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு கார் வேண்டும்: ஒன்று ஆற்றில் இறங்கும் இடத்தில், மற்றொன்று கீழே கரையேறும் இடத்தில். கீழே நிற்கும் காரின் சாவியை மேலே நிற்கும் காரிலேயே விட்டுப் போவது அடிக்கடி நடக்கிற கூத்து. அந்தச் சாவியை நீர் புகாத பையில் போட்டு, பையைப் படகோடு கட்டுங்கள். வேறு நீர்நிலையில் ஓட்டிய படகைத் தண்ணீர் வடித்து, துடைத்துக் காயவைத்த பிறகே கொண்டுவர வேண்டும். கீழே உள்ள கேன்யன் ஏரியில் 2017-லேயே ஜீப்ரா மஸ்ஸல் என்ற, படகோடு ஒட்டிப் பரவும் அந்நியச் சிப்பி வந்துவிட்டது. கொஞ்சம் தேங்கிய நீரே அதன் குஞ்சுகளுக்குப் போதும்.

இதே ஆற்றில் கீழே உள்ள நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் டியூபில் மிதந்து போவதைப் பார்த்தவர்கள் இங்கும் அப்படியே என்று நினைக்கிறார்கள். அது கேன்யன் அணைக்குக் கீழே, திறந்துவிடும் நீரில் ஓடும் பகுதி. இங்கே மேலே அணைக்கட்டுப்பாடு கிடையாது, பொதுவில் மது அருந்தவும் அனுமதி இல்லை.

முகாமில் விறகு பொறுக்கக் கூடாது, விலைக்குத்தான் வாங்க வேண்டும். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தரை பாறையாக இருப்பதால் கூடாரத்தின் மெல்லிய அலுமினிய முளை வளைந்துபோகும். தடித்த எஃகு முளையும் சுத்தியலும் கொண்டு போங்கள். வேகன் ஃபோர்டு பகுதியில் காரை விட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், பெரிய ஐஸ் பெட்டி அங்கே சுமைதான். ரக்கூன்கள் மூடியைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாட்டை இரவில் காருக்குள் பூட்டுங்கள். தங்குமிடத்தை 5 மாதம் முன்பே பதிவு செய்யலாம். கோடை வார இறுதிக்குக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைப்பது அரிது.