பொட்காஸ்ட் கேட்க ஒரு கட்டற்ற செயலி: சந்தாப் பட்டியலோடு இடம் மாறுவது எப்படி?

எந்தப் பொட்காஸ்ட் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு அதை விட்டுவிட நினைத்தால், உங்கள் சந்தாப் பட்டியலைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா?

2018இல் வந்த கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. மூடுவதற்கு முன் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக, அதாவது பல செயலிகளும் படிக்கக்கூடிய சந்தாப் பட்டியல் கோப்பாக, எடுத்துச் செல்ல வழி விட்டார்கள். கோப்பை எடுத்து வைத்தவர்கள் வேறு செயலியில் அன்றைக்கே தொடர்ந்து கேட்டார்கள். நான் இதுவரை வைத்திருந்த பிரபல செயலியில் அந்த வழியே கிடையாது. பாட்டு, வீடியோ, விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவில் நான் தேடிச் சேர்த்த நிகழ்ச்சிகள் புதைந்து கிடந்தன. அவற்றை மீட்டெடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். செயலியை நிறுவுவது எப்படி என்று விளக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்ததே.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஓர் ஆர்எஸ்எஸ் முகவரி, அதாவது எபிசோட்களின் பட்டியலைச் செயலிக்குத் தரும் இணைய முகவரி. ஆர்எஸ்எஸ்ஸில் ஒலிக்கோப்பை இணைக்கும் வழியை மென்பொருளாளர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் சேர்த்தார். அந்த முகவரி தெரிந்தால் எந்தச் செயலியிலும் நிகழ்ச்சியைக் கேட்கலாம். இடையில் எந்த நிறுவனத்திடமும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆண்ட்ரொய்ட் என்றால் அன்டெனாபொட். நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். 2012 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது, மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகிறது. செயலி தன் பங்குக்கு விளம்பரம் எதையும் காட்டுவதில்லை, கணக்குத் திறக்கச் சொல்வதும் இல்லை. பட்டியல் உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும். எபிசோட்கள் அந்தந்த நிகழ்ச்சியின் சேவையகத்திலிருந்து நேரடியாக வரும். ஆகவே நீங்கள் எதைத் தரவிறக்கினீர்கள் என்பது அந்தச் சேவையகத்துக்குத் தெரியும். ஆனால் எல்லா நிகழ்ச்சிகளையும் சேர்த்து உங்கள் ரசனையைக் கணக்கெடுக்க நடுவில் ஒருவர் இருக்க மாட்டார்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பொக்கெட் காஸ்ட்ஸ். அதன் கைபேசிச் செயலிகளின் மூலநிரலை ஒட்டோமற்றிக் நிறுவனம் 2022இல் திறந்துவிட்டது. பார்க்க அழகானது. ஓபிஎம்எல் ஏற்றுமதியும் உண்டு. லினக்ஸ் கணினியில் கேட்பவர்கள் கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் காஸ்ட்ஸ் செயலியைப் பார்க்கலாம். இனி எழுதுவது முழுவதும் அன்டெனாபொட் பற்றியே.

முதல் வேலை: பட்டியல்

பழைய செயலி ஓபிஎம்எல் கோப்பைத் தருமானால் உங்கள் வேலை இரண்டு நிமிடம். அதைத் தொலைபேசியில் சேமித்து, அன்டெனாபொட்டின் அமைப்புகளில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' பகுதிக்குப் போய் உள்ளே எடுங்கள். அந்தக் கோப்பை ஒருமுறை சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வரி. அந்த வரியில் ஒரு பெயர், ஒரு முகவரி, அவ்வளவுதான். இத்தனை எளிய ஒரு கோப்பைக் கொடுக்க ஒரு பெரிய செயலி மறுக்கிறது என்றால், அது தொழில்நுட்பச் சிக்கலால் இருக்க முடியாது.

தராவிட்டால், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பழைய செயலியின் சந்தாப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடுவது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். பிபிசியின் ஆங்கில நிகழ்ச்சிகள் எழுத்தைத் தட்டியதும் வந்து நிற்கும். தமிழ் நிகழ்ச்சிகள் அப்படி வருவதில்லை. பெயரைத் தமிழில் சொல்லும் பல நிகழ்ச்சிகள் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. அதிலும் 'ழ'வுக்கு ஒருவர் ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். எனவே தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக, பிறகு நடத்துபவரின் பெயரில் என்று தேடுங்கள்.

தேடும் களஞ்சியத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆப்பிளின் பட்டியல், ஃபீட் (fyyd) எனப்படும் ஜெர்மானியத் தேடுதளம், பொட்காஸ்ட் இன்டெக்ஸ் ஆகியவற்றில் அன்டெனாபொட் தேட விடுகிறது. பொட்காஸ்ட் இன்டெக்ஸ் 2020இல் அடம் கரியும் டேவ் ஜோன்ஸும் தொடங்கிய திறந்த பட்டியல். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்.

கிடைத்தவுடன் சந்தாவை அழுத்திவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு முடிவுகள் வந்தால் இரண்டையும் திறந்து, கடைசி எபிசோட்டின் திகதியைப் பாருங்கள். நிகழ்ச்சி வேறு சேவையகத்துக்கு மாறியிருந்தால் பழைய முகவரி பட்டியலில் அப்படியே கிடக்கும், புதிதாக எதுவும் வராது. வேறு யாரோ மறுபதிவேற்றம் செய்த நகலும் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் போன்ற ஒலிபரப்பு நிறுவனங்களின் நிகழ்ச்சி என்றால் அவர்களுடைய சொந்த இணையத்தளத்தில் இருந்து முகவரியை எடுப்பதே பாதுகாப்பு. அதைப் பிரதி எடுத்து, ஆர்எஸ்எஸ் முகவரியால் சேர்க்கும் இடத்தில் ஒட்டினால் போதும்.

எங்கே தேடியும் கிடைக்காத நிகழ்ச்சி, ஒரே செயலிக்கு மட்டும் கொடுக்கப்பட்டதாக இருக்கலாம். அல்லது நடத்துபவர் ஆர்எஸ்எஸ் வசதியை இயக்காமல் விட்டிருக்கலாம். பதிவேற்றும் சேவைகள் சிலவற்றில் அதை நடத்துபவரே திறந்துவிட வேண்டும். சிறிய தமிழ் நிகழ்ச்சி என்றால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அப்படி ஒரு அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது, சொன்னால் திறந்துவிடுவார்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். தமிழில் பேசப்படும் நல்ல விடயங்கள் ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் மட்டும் இருப்பது நமக்கு நல்லதல்ல.

டேட்டாவைக் காப்பாற்றுவது

128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் ஒரு மணிநேர ஒலிக்கு ஏறத்தாழ 58 எம்பி செலவாகும். பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சி 64இல் வந்தால் அதில் பாதி. கொழும்பின் காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போக ஒரு மணிநேரம், வர ஒரு மணிநேரம் கேட்பவருக்கு, 128இல் மாதம் முழுவதும் கணக்கிட்டால் மூன்றரை ஜிபிக்குக் கிட்ட வரும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் அத்தனையும் மிச்சம்.

தரவிறக்க அமைப்பில், மொபைல் டேட்டாவில் எவற்றை அனுமதிப்பது என்று தனித்தனியாகக் கேட்கும். புதுப்பித்தலை மட்டும் அனுமதியுங்கள். எபிசோட் தரவிறக்கம், தானியங்கித் தரவிறக்கம், நேரடியாக ஓடவிடுதல் மூன்றையும் அணைத்து விடுங்கள். தானியங்கித் தரவிறக்கத்தை எல்லா நிகழ்ச்சிகளுக்கும் திறக்க வேண்டாம். தவறாமல் கேட்கும் நான்கைந்துக்கு மட்டும் அந்தந்த நிகழ்ச்சியின் அமைப்பில் திறந்தால் போதும். கேட்டு முடித்ததும் கோப்பு தானாக அழியவும் சொல்லி வைக்கலாம்.

காலையில் ஒன்றும் இறங்காமல் இருந்தால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் காலையில் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா? செயலியைக் குறை சொல்வதற்கு முன் தொலைபேசியின் பற்றரி அமைப்பைப் பாருங்கள். பல தொலைபேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே உறங்க வைத்துவிடும். சாம்சங்கில் உறங்கும் செயலிகளின் பட்டியலிலிருந்து அன்டெனாபொட்டை நீக்குங்கள். ஷாவ்மியில் தானியங்கித் தொடக்கத்தை அனுமதித்து, பற்றரிக் கட்டுப்பாடு இல்லை என்று தெரிவு செய்யுங்கள். இரவில் மின்னேற்றத்தில் போட்டு வைஃபையை அணைக்காமல் விட்டால், விடியும்போது எபிசோட்கள் தயாராக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா தரும் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை லாபம்.

கடைசியாக, வெளியேறிப் பாருங்கள்

எல்லாம் சேர்த்து முடித்த அன்றே ஓபிஎம்எல் கோப்பை ஏற்றுமதி செய்து பாருங்கள். முழுத் தரவுத்தளத்தையும் தனியாக ஏற்றுமதி செய்யலாம். கேட்டவை, பாதியில் நிறுத்தியவை, வரிசை எல்லாம் அதில்தான் வரும். தொலைபேசி மாற்றும்போது உங்களுக்குத் தேவைப்படுவது இந்தக் கோப்பு. தொலைபேசியிலேயே விட்டு வைக்காமல் கணினியிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

பின்னர் சேர்த்தவை

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமிக்கும் இதையே நிறுவிக் கொடுத்தேன். மறுநாளே அழைத்தார். "தம்பி, நேற்றுப் பாதியில் நிறுத்திய நிகழ்ச்சி இதில் முதலிலிருந்து தொடங்குகிறதே, ஏன்?" ஓபிஎம்எல் கோப்பு முகவரிகளை மட்டுமே சுமந்து வருகிறது. எங்கே நிறுத்தினீர்கள் என்பது பழைய செயலியிலேயே தங்கிவிடும். ஆகவே பாதியில் இருப்பவற்றைப் பழைய செயலியில் முடித்துவிட்டு அதை நீக்குங்கள். புதியதில், கேட்டு முடித்த கடைசி எபிசோட்டை நீளமாக அழுத்தி, அதற்குக் கீழுள்ள அனைத்தையும் தெரிவு செய்து, கேட்டதாகக் குறித்துவிடலாம். மாமியின் பட்டியலை அப்படித்தான் ஒழுங்குபடுத்தினோம்.

பிளே ஸ்டோரில் இருந்து நிறுவியதை கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிரொய்ட் வழியாகப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டிலும் செயலியின் கையொப்பம், அதாவது அதை வெளியிட்டவர் யார் என்று தொலைபேசி சரிபார்க்கும் குறி, வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் முதலில் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து, செயலியை நீக்கி, மற்றதை நிறுவி, தரவுத்தளத்தை உள்ளே எடுக்க வேண்டும். தொடங்கும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. என் தெரிவு எஃப்-டிரொய்ட்.

பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தை மீறி நிகழ்ச்சி கேட்பதில்லை என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். குறைந்த ஒலியில் பதிவான நிகழ்ச்சிக்கு மட்டும் ஒலியளவைக் கூட்டி வைக்கும் வசதி அந்த நிகழ்ச்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. நீண்ட முகப்பு இசையைத் தாண்டிச் செல்ல, தொடக்கத்தில் எத்தனை விநாடி விடுவது என்பதையும் அங்கேயே குறிக்கலாம்.

முக்கியமான ஒன்று: பணம் கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளின் தனிப்பட்ட ஆர்எஸ்எஸ் முகவரியிலேயே உங்களுக்குரிய இரகசியக் குறியீடு இருக்கும். அன்டெனாபொட்டில் அந்த முகவரிகள் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஓபிஎம்எல் கோப்பிலும் அவை அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். நண்பருக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன் எழுத்துத் தொகுப்பியில் திறந்து, அந்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.