சாஃப்ட்னர் ரெசினை மாற்றும் முன் உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

கடின நீரை மென்மையாக்கும் வீட்டு சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்றால் உடனே அதற்குள் இருக்கும் ரெசினை (சிறு பிளாஸ்டிக் மணிகள்) மாற்றாதீர்கள், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பு கரைத்து, துணியில் வடிகட்டி, அரை மணி நேரமாவது மெதுவாக ரெசின் வழியே விடுங்கள். அப்புறம் உப்புக் கரிப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன; சோடியம் தீர்ந்ததும் வேலை நின்றுவிடும், அடர்த்தியான உப்புத் தண்ணீர் அதைத் திரும்ப நிரப்பிவிடுகிறது. டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) வைத்துச் சோதிக்காதீர்கள், ரெசின் நன்றாக இருந்தாலும் அந்த எண் பெரிதாகக் குறையாது (இதைப் பார்த்தே பலர் ரெசின் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள்). பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரும் சோப்பும் போட்டுக் குலுக்கிப் பார்ப்பதே சரி.

இரும்புச்சத்து படிந்து மணிகள் பழுப்பேறியிருந்தாலோ, குளோரினில் நைந்து உடைந்திருந்தாலோ வெறும் உப்பு உதவாது. நைட்ரேட், ஃப்ளோரைடு, கிருமிகளை இந்த ரெசின் நீக்காது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்தத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.