ரிலே சூடானால் என்ன ஆகும்? எல்டிஸ்பைஸில் செய்து பார்க்கலாம்

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் என்னதான் காற்று அடித்தாலும், வெயிலில் நிற்கிற இரும்புப் பேனல் பெட்டிக்குள் அந்தக் காற்று போகாது. சித்திரை மாதம் நண்பகலில் பெட்டியைத் திறந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் ரிலேக்கு அது என்ன செய்யும் என்று, ரிலே இல்லாமலே பார்க்கலாம். ரிலே என்பது, காயில் என்ற கம்பிச் சுருளில் கரண்ட் ஓடும்போது காந்தமாகி இழுத்து இயங்கும் சுவிட்ச். அதற்கு, மின்சுற்றைக் கணினியில் ஓட்டிக் காட்டும் இலவச மென்பொருளான எல்டிஸ்பைஸ் போதும்.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். மென்பொருளில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் புதிய ஸ்கீமாட்டிக் (மின்சுற்று வரைபடம்) திறந்து, 12 வோல்ட் சோர்ஸ் ஒன்றும் 400 ஓம் மின்தடை ஒன்றும் வைத்து வயரால் இணையுங்கள். அந்த மின்தடைதான் நம் ரிலே காயில். கிரவுண்டை விட்டுவிடாதீர்கள்; அது இல்லாமல் ஓடாது.

அடுத்து, எடிட் மெனுவில், கட்டளை எழுதும் இடமான ஸ்பைஸ் டைரக்டிவைத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் போடுங்கள்:

.ஓபி
.ஸ்டெப் டெம்ப் 27 67 10

முதல் வரி, மின்சுற்றின் நிலையான கரண்ட்டையும் வோல்ட்டேஜையும் கணக்கிடச் சொல்கிறது. இரண்டாவதற்கு, வெப்பநிலையை 27-இல் தொடங்கி 67 டிகிரி வரை பத்துப் பத்தாக ஏற்று என்று அர்த்தம். ரன் கொடுத்து மின்தடையைக் கிளிக் செய்யுங்கள். கரண்ட் 30 மில்லிஆம்பியரில் நேர்கோடாகக் கிடக்கும். சூடு ஏறியும் ஒன்றுமே மாறவில்லை!

புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் ‘வெப்பத்தால் பாதிப்பு இல்லை’ என்று முடிவுகட்டிப் போய்விடுகிறார்கள். மென்பொருளின் மின்தடைக்கு நாம் சொல்லாதவரை சூடு உறைக்காது. 27 டிகிரி என்பது எல்டிஸ்பைஸின் இயல்பு வெப்பநிலை. நாம் கொடுக்கும் 400 ஓம் அந்த வெப்பநிலைக்கான மதிப்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் அது எவ்வளவு கூடும் என்பதையும் நாமே கொடுக்க வேண்டும்.

காயில் என்பது செம்புக் கம்பி. செம்புக்கு 20 டிகிரியில் அந்த எண் 0.0039, நாம் 27-இல் தொடங்குவதால் 0.0038 சரியாக வரும். மின்தடையில் 400 என்ற எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, இடைவெளி விட்டு ‘டிசி=0.0038’ சேருங்கள். டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்டின் முதலெழுத்துகள் அவை. டைரக்ட் கரண்ட் என்று நினைத்து ஆங்கிலத்தில் மாற்றி அடித்துவிடாதீர்கள்.

இப்போது ஓட்டுங்கள். 67 டிகிரியில் மின்தடை சுமார் 461 ஓம், கரண்ட் 26 மில்லிஆம்பியர். கோடு சரிகிறது.

நான்கு மில்லிஆம்பியர் போனால் என்ன என்று தோன்றும். ரிலே இழுப்பது கரண்ட்டால்தான். 27 டிகிரியில் 9 வோல்ட் கொடுத்தால் இழுக்கிற ரிலே என்று வைத்துக்கொள்வோம்; அதற்குத் தேவை 22.5 மில்லிஆம்பியர். சூடான காயிலில் அதே கரண்ட் ஓட 10.4 வோல்ட் வேண்டும். பேட்டரி கொஞ்சம் இறங்கி 10 வோல்ட்டில் நின்றால், காலையில் ‘டிக்’ என்று இழுத்த ரிலே மத்தியானம் இழுக்காது. சோர்ஸை 10 ஆக்கி நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

சரி, இனி ஒரு டையோடு, அதாவது கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பு. காயிலுக்குத் தொடராக 1என்4148 வையுங்கள். டையோடு மாடலுக்குள் வெப்பநிலைக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். சூட்டில் காயில் கரண்ட்டைக் குறைக்கும்; டையோடு அதைக் கொஞ்சம் கூட்டப் பார்க்கும். ஆனால் செம்பின் இழப்பை ஈடுகட்ட அது போதாது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஸ்டெப் கட்டளை எல்லா உறுப்புகளையும் ஒரே சூட்டில் வைக்கிறது. கரண்ட் ஓடி காயில் தானாகச் சூடாவதை அது கணக்கிடாது. காயில் மட்டும் கூடுதல் சூடு என்று தெரிந்தால், ஸ்டெப் வரியை எடுத்துவிட்டு அந்த மின்தடையின் மதிப்போடு ‘டெம்ப்=85’ என்பதையும் சேர்த்து ஓட்டுங்கள். மற்றவை 27-இலேயே இருக்கும்.